சிரச்சேதம்: கழுத்தில் விழும் வெட்டு உயிரைப் பிரிப்பது எப்படி?

தலை துண்டிக்கப்பட்டால் உயிர் போய்விடும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அது எதனால் போகிறது, எத்தனை நொடிகளில் போகிறது, வெட்டுண்ட தலையில் உணர்வு சிறிதாவது எஞ்சுமா என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் விடை அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் தேர்ந்த மருத்துவர்களே இந்தக் கேள்விகளில் இரு அணிகளாகப் பிரிந்து வாதாடினார்கள். இன்று மருத்துவமனைகளில் மூளைச்சாவு என்று அறிவிக்கப்படும் நிலையைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பழைய வாதம் உதவுகிறது. ஆகவே, பேசக் கூசும் பொருளாக இருந்தாலும் இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் கழுத்தின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடலின் வேறு எந்தப் பகுதியிலும் இவ்வளவு குறுகிய இடத்துக்குள் இத்தனை இன்றியமையாத பாதைகள் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதில்லை. முன்புறம் மூச்சுக்குழாயும் அதற்குப் பின்னால் உணவுக்குழாயும் இருக்கின்றன. அவற்றின் இரு பக்கங்களிலும் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகளும், மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரைகளும் ஓடுகின்றன. பின்புறம் ஏழு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அவற்றின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் நுழைந்து மேலேறும் இன்னும் இரண்டு தமனிகள் மூளையின் பின்பகுதிக்கும், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுக்கும் இரத்தம் தருகின்றன. சுவாசத்தை இயக்கும் உதரவிதானத்துக்கான நரம்பும் கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்தே கிளம்புகிறது.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் வெட்டுண்டால் எது முதலில் உயிரைப் பறிக்கும்? மூச்சு நிற்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கக்கூடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நீருக்கடியில் இருப்பவர் நினைவிழப்பதில்லை என்பதே அந்த எண்ணத்தை மறுக்கப் போதுமானது. தண்டுவடம் அறுபடுவதும் நேரடிக் காரணமன்று. கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் முற்றிலும் சேதமடைந்தவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு பல ஆண்டுகள் தெளிவான நினைவுடன் வாழ்கிறார்கள். உண்மையில் உடனடியாக நிகழ்வது மூளைக்குச் செல்லும் இரத்த அழுத்தம் சரிந்துபோவதே. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைச் சேமித்து வைத்துக்கொள்ள அதனிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. ஓட்டம் நின்றால் சில நொடிகளிலேயே அது தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது.

அந்தச் சில நொடிகள் எத்தனை என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமான இளைஞர்களின் கழுத்தைச் சுற்றிக் காற்றடைத்த பட்டையைக் கட்டி, மூளைக்குச் செல்லும் இரத்தத்தைத் திடீரென்று தடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் 5 முதல் 10 நொடிகளுக்குள் நினைவிழந்தார்கள். இப்படிப்பட்ட சோதனையை இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் அனுமதிக்காது. எனினும் அதில் கிடைத்த எண் இன்றுவரை பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. பட்டையால் தடுக்கும்போது மூளைக்குள் ஏற்கெனவே இருந்த இரத்தம் அங்கேயே தேங்கி நிற்கும். வெட்டுண்ட தலையிலிருந்தோ அதுவும் வெளியேறிவிடும். ஆகையால் சிரச்சேதத்தில் இந்த நேரம் இதைவிட நீள்வதற்கு வாய்ப்பில்லை.

தண்டனை என்ற வகையில் சிரச்சேதத்தின் வரலாறு மிக நீண்டது. அதில் வியப்பூட்டுவது அதற்குக் கிடைத்த மதிப்பு இடத்துக்கு இடம் தலைகீழாக மாறியதுதான். பண்டைய ரோமில் அடிமைகளும் வெளியாரும் சிலுவையில் அறையப்பட்டார்கள். குடியுரிமை பெற்றவருக்கு மரண தண்டனை என்றால் அது பெரும்பாலும் வாளால் விரைவாக முடிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் தலை வெட்டப்படுவது உயர்குடியினருக்கு உரிய சலுகையாகவே கருதப்பட்டது. எளிய மக்கள் தூக்கில் தொங்கினார்கள். சிங் வம்சக் காலச் சீனாவிலோ நேர்மாறு. கழுத்தை நெரித்துக் கொல்வது இலேசான தண்டனையாகவும், தலையை வெட்டுவது அதைவிடக் கடுமையானதாகவும் சட்டத்திலேயே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. பெற்றோர் தந்த உடலைக் குறையின்றி முன்னோரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்ற நம்பிக்கை நிலவிய சமூகத்தில், வலி குறைவா கூடுதலா என்பதைவிட உடல் முழுமையாக இருக்கிறதா என்பதே பெரிதாக இருந்தது. வெட்டிய தலைகளைப் பொது இடத்தில் காட்சிக்கு வைக்கும் வழக்கம் அங்கே 1905ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்தத்தில்தான் ஒழிக்கப்பட்டது.

உயர்குடியினரின் சலுகை என்று சொன்னாலும், அந்தச் சலுகை வெட்டுபவரின் கைத்திறனை நம்பியே இருந்தது. எட்டாம் ஹென்றி தன் மனைவி ஆன் பொலினுக்கு 1536ஆம் ஆண்டு மரண தண்டனை நிறைவேற்றியபோது, கோடரிக்குப் பதிலாக வாளைப் பயன்படுத்துவதற்கென்று கடல் கடந்து கலே நகரிலிருந்து ஒருவரை வரவழைத்தார். ஒரே வீச்சில் முடிந்தது. ஸ்காட்லாந்தின் அரசி மேரிக்கு 1587இல் அந்தக் கொடுப்பினையும் இல்லை. முதல் வெட்டு கழுத்தைத் தவறவிட்டுத் தலையின் பின்புறத்தில் விழுந்தது. அடுத்த வெட்டுக்குப் பிறகும் வேலை முழுதாக முடியவில்லை. சிரச்சேதம் விரைவான மரணமா என்ற கேள்விக்கு வரலாறு தரும் நேர்மையான விடை, வெட்டு சரியாக விழுந்தால் மட்டுமே என்பதுதான்.

இத்தகைய விவரங்களை நாம் கண்ணால் கண்டவர்களின் குறிப்புகளிலிருந்து மட்டும் அறியவில்லை. எலும்புகளும் சாட்சி சொல்கின்றன. இங்கிலாந்தின் அரசர் முதலாம் சார்லஸ் 1649ஆம் ஆண்டு தலை வெட்டப்பட்டு இறந்தார். 1813இல் விண்ட்சர் தேவாலயத்தில் அவருடைய சவப்பெட்டி தற்செயலாக வெளிப்பட்டபோது, அரச மருத்துவர் ஹென்றி ஹால்ஃபோர்டு உடலைச் சோதித்தார். நான்காம் கழுத்து முள்ளெலும்பு குறுக்காக வெட்டுண்டிருப்பதையும், வெட்டுப் பரப்பு வழுவழுப்பாகவும் சமமாகவும் இருப்பதையும் அவர் எழுதி வைத்தார். மிகக் கூரிய கருவி பெரும் விசையோடு ஒரே முறை விழுந்தால்தான் எலும்பில் அப்படி ஒரு தடம் பதியும்.

இதற்கு நேரெதிரான காட்சி 2009இல் இங்கிலாந்தின் வேமவுத் நகருக்கு அருகே சாலைப் பணியின்போது கிடைத்தது. ஒரு பழைய குழிக்குள் சுமார் 50 இளைஞர்களின் எலும்புக்கூடுகள் தாறுமாறாகக் கிடந்தன. மண்டையோடுகள் தனியே ஒரு பக்கம் குவிக்கப்பட்டிருந்தன. கழுத்து எலும்புகளில் மட்டுமல்லாமல் தாடையிலும் மண்டையிலும் தோளெலும்பிலும் வெட்டுத் தடங்கள் இருந்தன. ஒருவர் தன் கையால் வெட்டைத் தடுக்க முயன்றதற்கான அடையாளமும் இருந்தது. பல்லில் உள்ள தனிமங்களின் ஓரிடத்தான்களை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை, ஆராய்ந்ததில் அவர்கள் ஸ்காண்டினேவியப் பகுதிகளில் வளர்ந்தவர்கள் என்பதும், கதிரியக்கக் கரிமக் கணிப்பில் அவர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்கள் என்பதும் தெரியவந்தன. பிடிபட்ட வைக்கிங் கூட்டம் ஒன்று அங்கே மொத்தமாக வெட்டிக் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

வெட்டுபவரின் கை நடுக்கத்தை நீக்க இயந்திரத்தை நாடும் எண்ணம் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் மேலிருந்து விழும் கத்தி பொருத்திய சட்டங்கள் பயன்பாட்டில் இருந்தன. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது பிரான்சின் கில்லட்டினைத்தான். மருத்துவரும் தேசியப் பேரவை உறுப்பினருமான ஜோசப் இக்னாஸ் கில்லட்டின், 1789 அக்டோபரில் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். குற்றம் ஒன்றானால் குற்றவாளியின் குலம் எதுவாயினும் தண்டனையும் ஒன்றாகவே இருக்க வேண்டும், மரண தண்டனை எளிய இயந்திரத்தால் வலியின்றி நிறைவேற்றப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இயந்திரத்தை வடிவமைத்தவர் அவரல்லர். அறுவை மருத்துவக் கழகத்தின் செயலாளரான அந்துவான் லூயி அதற்கான அறிக்கையை எழுதினார். தோபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானிய இசைக்கருவிக் கைவினைஞர் அதைச் செய்துகொடுத்தார். பிணங்களின் மீது சோதித்துப் பார்த்தபின், 1792 ஏப்ரல் 25 அன்று பாரிஸில் அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. மக்கள் நாவில் முதலில் லூயியின் பெயரால் வழங்கிய அந்தக் கருவி, விரைவிலேயே கில்லட்டினின் பெயரை ஒட்டிக்கொண்டது. அவரும் அதே கருவிக்குப் பலியானார் என்று அடிக்கடி சொல்லப்படும் கதை பொய். அவர் 1814இல் நோயுற்று இயல்பாக இறந்தார்.

மனிதாபிமானத்தின் பெயரால் வந்த கருவி, 1793இலேயே அரசன் பதினாறாம் லூயியையும் அரசி மரி அந்துவானெத்தையும், 1794இல் வேதியியலாளர் லவாய்சியரையும், கடைசியில் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரையும் வரிசையாக உண்டது. கொலை விரைவாகவும் எளிதாகவும் ஆனால் அதன் எண்ணிக்கை பெருகும் என்பதை அதை முன்மொழிந்த மருத்துவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். ஹிட்லர் கால ஜெர்மனியிலும் இதே வகைக் கருவியால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மியூனிக் மாணவி சோஃபி ஷோல் 1943இல் இறந்ததும் அதில்தான். பிரான்சில் பொதுமக்கள் முன்னிலையிலான கடைசித் தண்டனை 1939இலும், சிறைச் சுவருக்குள் கடைசித் தண்டனை 1977இலும் நிகழ்ந்தன. 1981இல் மரண தண்டனையே அங்கு ஒழிக்கப்பட்டது. வாளால் தலை வெட்டும் தண்டனை சவூதி அரேபியாவில் இன்றும் சட்டப்படி நடைமுறையில் உள்ளது.

உணர்வு எஞ்சுமா என்ற கேள்வியைத் தூண்டியதும் கில்லட்டின்தான். கோடரிக் காலத்தில் எழாத ஐயம், கண்ணிமைக்கும் நேரத்தில் தலை விழுந்தபோது எழுந்தது: வெட்டு இவ்வளவு விரைவாக நடந்தால், தனக்கு நேர்ந்ததைத் தலை அறிந்துகொள்ளுமோ? 1793 ஜூலையில், புரட்சித் தலைவர் மாராவைக் கொன்ற ஷார்லத் கோர்தே என்ற பெண்ணின் தலை விழுந்ததும், ஒரு பணியாள் அதைத் தூக்கிக் கன்னத்தில் அறைந்தான்; இரு கன்னங்களும் சிவந்து, முகத்தில் சினம் தோன்றியதாகக் கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் சோமரிங், வெட்டுண்ட தலையில் உணர்வும் வலியும் சிறிது நேரம் நீடிக்கின்றன என்று ஒரு கடிதத்தில் வாதிட்டு, இத்தண்டனை மனிதாபிமானமற்றது என்றார். பிரெஞ்சு மருத்துவர் கபனிஸ் அதை மறுத்து, தசை துடிப்பதும் உணர்வு இருப்பதும் ஒன்றல்ல என்று எழுதினார். இன்றைய அறிவோடு படித்தால் கபனிஸ் பிரித்துக் காட்டிய அந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பது விளங்குகிறது.

இதில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் நிகழ்ச்சி 1905 ஜூன் மாதம் பிரான்சின் ஓர்லியான் நகரில் நடந்தது. லாங்கியே என்ற கைதியின் தலை விழுந்ததும் போரியோ என்ற மருத்துவர் அதைக் கவனித்தார். முதல் ஐந்தாறு நொடிகள் இமைகளும் உதடுகளும் துடித்து அடங்கின. அதன்பின் அவர் உரத்த குரலில் பெயர் சொல்லி அழைத்தார். இமைகள் மெல்ல உயர்ந்து, கண்கள் தன்னை நோக்கி நிலைகுத்தி நின்றதாக அவர் எழுதினார். இரண்டாம் முறை அழைத்தபோதும் அப்படியே. மூன்றாம் முறை அசைவில்லை. மொத்தம் 25 முதல் 30 நொடிகள் என்பது அவர் கணக்கு. இதை ஒரேயடியாகப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் ஒரே முறை கண்டது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பதிவு இல்லாதது, இமையசைவை அழைப்புக்கு விடை என்று கொண்டது ஆகிய மூன்று குறைகளும் அதை அறிவியல் சான்றாக ஏற்கவிடாமல் தடுக்கின்றன. லவாய்சியர் தன் மாணவரிடம் சொல்லிவைத்துவிட்டு, வெட்டுண்டபின் பதினைந்து இருபது முறை கண்ணிமைத்தார் என்று இன்றும் பரவும் கதைக்கோ அக்காலச் சான்று எதுவும் இல்லை.

ஓரளவு உறுதியான விடை எலிகளிடமிருந்து வந்தது. ஆய்வகங்களில் எலிகளைக் கொல்லத் தலை துண்டிக்கும் முறை சில நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டிருப்பதால், அது இரக்கமான முறைதானா என்று நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தார்கள். எலிகளின் மூளை மின்னலைகளைத் தொடர்ந்து பதிவு செய்ததில், சுயநினைவோடு தொடர்புடைய அலைகள் ஏறத்தாழ 4 நொடிகளிலேயே அடங்கிவிட்டன. அதற்குப் பிறகு, ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, பெரிய மெதுவான அலை ஒன்று எழுந்து மறைந்தது. அதை மரணத்தின் அலை என்று வருணித்துச் செய்திகள் பரபரப்பாகின. உண்மையில் அது சிந்தனையோ உணர்வோ அன்று. ஆற்றல் தீர்ந்துபோன நரம்பணுக்கள் தம் சவ்வின் மின்னழுத்த வேறுபாட்டைத் தக்கவைக்க முடியாமல் ஒட்டுமொத்தமாகச் சரிவதன் விளைவே அது. ஆக, மனிதரிலும் சில நொடிகளுக்கு மேல் உணர்வு நீடிப்பதில்லை என்றே நரம்பியல் சொல்கிறது. அந்தச் சில நொடிகளில் என்ன உணரப்படுகிறது என்பதை யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

தலை அடங்கிய பிறகும் உடல் அசைவது வேறு கதை. இதயத்துக்குத் துடிக்கும்படி ஆணையிடுவது மூளையன்று. இதயத்திலேயே உள்ள சிறு முடிச்சுதான். அதனால் இரத்தம் வடிந்து ஆக்சிஜன் தீரும்வரை அது சில நிமிடங்கள் துடிக்கக்கூடும். கை கால் அசைவுகளுக்குத் தண்டுவடமே போதும். எடின்பரோ மருத்துவர் ராபர்ட் விட் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே, தலையில்லாத தவளையின் காலைக் கிள்ளினால் அது காலை இழுத்துக்கொள்வதையும், தண்டுவடத்தை அழித்துவிட்டால் அந்த அசைவு நின்றுபோவதையும் காட்டினார். அனிச்சைச் செயல் என்று நாம் பள்ளியில் படிக்கும் பாடத்தின் வேர் இந்தத் தவளைகளில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1945இல் தலை வெட்டப்பட்டு, 18 மாதங்கள் உயிரோடிருந்த மைக் என்ற சேவலின் புகழும் இதே வகையில் விளங்கிவிடும். வெட்டு சற்று உயரத்தில் விழுந்ததால் மூளைத்தண்டின் பெரும்பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. சுவாசத்தையும் இதயத் துடிப்பின் சீரையும் காக்கும் மையங்கள் அங்கேதான் உள்ளன. இரத்தம் உறைந்து பெரிய நாளத்தை அடைத்துக்கொண்டதும் சேவலுக்குச் சாதகமாயிற்று. உரிமையாளர் சொட்டுக்குழாயால் நேரே உணவுக்குழாய்க்குள் ஊட்டி அதை வளர்த்தார். கண்டிப்பாகச் சொன்னால் அது தலை முழுவதையும் இழந்த சேவலன்று.

மருத்துவத்தில் தலைத்துண்டிப்பு என்ற சொல் இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. தோல், தசை, இரத்தக்குழாய்கள் எல்லாம் முழுதாக இருக்க, மண்டையோடு மட்டும் முதல் கழுத்து முள்ளெலும்பிலிருந்து விலகிவிடும் காயத்தை உட்புறத் தலைத்துண்டிப்பு என்பார்கள். மண்டையோடு அந்த முள்ளெலும்பின் மேல் ஆழமற்ற இரு குழிகளில்தான் அமர்ந்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது எலும்பைவிடச் சுற்றியுள்ள தசைநார்களே. அதிவேக வாகன மோதலில் உடல் சட்டென்று நின்று தலை மட்டும் முன்னோக்கிப் பாயும்போது அந்த நார்கள் கிழிகின்றன. குழந்தைகளின் தலை உடலை நோக்கப் பெரியது, மூட்டுக் குழி தட்டையானது, நார்கள் தளர்வானவை. அதனால் அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மூளைத்தண்டு நசுங்குவதால் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார்கள். ஆனாலும் விபத்து நடந்த இடத்திலேயே கழுத்தை அசையாமல் பிடித்து வைக்கும் பயிற்சியும் சிடி ஸ்கேனும் பரவிய பிறகு பிழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அறுவை மருத்துவர்கள் உலோகத் தண்டுகளையும் திருகுகளையும் கொண்டு பின்மண்டையைக் கழுத்து முள்ளெலும்புகளோடு நிலையாகப் பிணைக்கிறார்கள். அதன் பின் தலையாட்டுவதும் கழுத்தைத் திருப்புவதும் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் தண்டுவடம் தப்பியிருந்தால் நோயாளி எழுந்து நடக்க முடியும். எலும்பு விலகினாலும் மூளைக்கான இரத்தம் நிற்காதவரை மனிதர் இருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெளிப்படையான துண்டிப்பில் மருத்துவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பல நாடுகளின் அவசர மருத்துவ விதிகளில், இதயத்தை மீட்கும் முயற்சியைத் தொடங்கவே வேண்டாம் என்று சொல்லப்படும் மிகச் சில நிலைகளுள் இது ஒன்று. தடயவியல் மருத்துவருக்குத்தான் வேலை மிஞ்சும். துண்டிப்பு உயிரோடிருக்கும்போது நடந்ததா, இறந்தபின் அடையாளத்தை மறைக்கச் செய்யப்பட்டதா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். வெட்டின் ஓரத் திசுக்களுக்குள் இரத்தம் ஊறியிருப்பதும், நுரையீரலுக்குள் இரத்தம் உறிஞ்சப்பட்டிருப்பதும், கழுத்துச் சிரைகள் வழியே காற்று இதயத்துக்குள் போயிருப்பதும் உயிரோடு வெட்டப்பட்டதற்கான அடையாளங்கள்.

மூளைச்சாவு பற்றிய விவாதத்தில் சிரச்சேதம் மீண்டும் தலைகாட்டுகிறது. 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, மூளை முற்றிலும் செயலிழந்த நிலையை மரணமாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. செயற்கைச் சுவாசக் கருவியால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒருவரை இறந்தவர் என்பது எப்படி என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. அதற்கு மருத்துவர்கள் தரும் விடைகளுள் ஒன்று, மூளைக்கான இரத்த ஓட்டம் முழுவதும் நின்றுவிட்டதால் இது உடலியல் நோக்கில் சிரச்சேதத்துக்கு நிகரானது என்பதே. 1990களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் இதைச் சோதித்தே காட்டினார்கள். அங்கே சமய அறிஞர்கள் சிலர், இதயம் துடிப்பதும் வயிற்றில் கரு உயிரோடிருப்பதும் தாய் உயிரோடிருப்பதன் அடையாளமல்லவா என்று கேட்டிருந்தார்கள். கருவுற்ற ஒரு செம்மறியாட்டை மயக்கத்தில் ஆழ்த்தி, சுவாசக் கருவியில் இணைத்து, இரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டுத் தலையை அகற்றினார்கள். இதயம் தொடர்ந்து துடித்தது. பின்னர் அறுவை செய்து குட்டியை உயிரோடு எடுத்தார்கள். தலையே இல்லாத ஆட்டை உயிருள்ளது என்று எவரும் சொல்லமாட்டார் என்பதால், இதயத் துடிப்பும் கருவின் வளர்ச்சியும் தம்மளவில் உயிருக்குச் சான்றாகா என்பது அதில் தெளிவானது.

இதன் மறுபக்கத்தை அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ராபர்ட் வைட் 1970இலேயே காட்டியிருந்தார். ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலோடு அவர் இணைத்தார். இரத்தக்குழாய்களை மட்டும் இணைக்க முடிந்தது, தண்டுவடத்தை இணைக்க முடியவில்லை. மயக்கம் தெளிந்த தலை கண்களால் அசைவுகளைப் பின்தொடர்ந்தது, வாயருகே கொண்டுசென்றதைக் கடித்தது, சிறிது காலம் உயிரோடும் இருந்தது. கழுத்துக்குக் கீழே எந்த உறுப்பையும் அதனால் அசைக்க முடியவில்லை. அறுபட்ட தண்டுவடத்தின் இலட்சக்கணக்கான நரம்பிழைகளை மீண்டும் இணையச் செய்யும் வழி இன்றளவும் மருத்துவத்திடம் இல்லை. தலைமாற்று அறுவை பற்றி அவ்வப்போது வெளியாகும் அறிவிப்புகள் எல்லாம் வந்து முட்டி நிற்பது இந்த இடத்தில்தான்.